ஏனாத்தூரிலிருந்து வந்த கூடை

தாயாரம்மாள் மகன் கையிலிருந்த வெட்டுக்கத்தியைப் பிடுங்கி ஓங்கினாள். ஒரே வெட்டு. சிவப்பும் மஞ்சளுமாய்ச் சிவன் கண் முடிச்சுப் போட்டுப் பின்னிய வயர்கூடை இரண்டாகப் பிளந்து உருண்டது. அடுத்த வெட்டில் சிமெண்டுத் தரையில் பொறி பறந்தது.

"இந்தக் கையாலதான அவளுக்குச் சோறு ஊட்னேன்! கூடை பின்னி அனுப்ச்சா பெத்தவ பல்ல இளிச்சிக்கினு ஓடியாந்துருவான்னு நெனச்சாளா?"

கார்த்திக் திகைத்து நின்றான். சற்று முன்தான் கூரியரில் வந்த கூடை அது. ஓடிப்போன தங்கை சுதா தன் கையாலேயே பின்னி அனுப்பியிருந்தாள். 'புது வூட்டுக்கு வந்துட்டோம்மா. இங்க பின்ன மொதக் கூடை ஒனக்குத்தான்' என்றொரு சீட்டும் உள்ளே இருந்தது.

காலனி அருள்தாஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவள் போய் எட்டு மாதம். உத்திரமேரூர் முதல் செய்யாறு வரை சல்லடை போட்டுச் சலித்தும் அகப்படாத விலாசத்தை, உறையின்மேல் அவளே முத்து முத்தாக எழுதியிருந்தாள். ஏனாத்தூர், குளத்தங்கரைத் தெரு, மாடி வீடு.

அதைப் படித்ததும்தான் கார்த்திக் கத்தியை எடுத்திருந்தான். பெரியப்பா மகன் தமிழ்வாணன் வாசலில் பைக்கை முடுக்கியிருந்தான். ஒரு மணி நேரப் பாதை, இரண்டு உயிர். குடும்பத்தின் மானம் கேட்ட விலை அவ்வளவுதான்.

கடைக்குட்டி ஜெயப்பிரியா அழுதுகொண்டே சீட்டை எடுக்கக் குனிந்தாள். தாயின் அறை இடியாய் இறங்கியது. உதடு கிழிந்து இரத்தம் முகவாயில் வழிந்தது.

"அவள மாரியே நீயும் கெளம்பலாம்னு கீறியாடி?"

அத்துடன் அடங்கவில்லை அவள். சுதா தைத்த தலையணை உறை, பூவேலை செய்த டிவி துணி, மணி கோத்த வாசல் தோரணம் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து முற்றத்தில் குவித்தாள். பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வரச்சொல்லிக் கொளுத்தினாள். அந்தச் சீட்டும் சேர்ந்தே எரிந்தது.

கார்த்திக்குக்கு மெய்சிலிர்த்தது. தகப்பனில்லாத வீட்டில் தானொருவனே ஆண்பிள்ளை என்று இறுமாந்திருந்தவன், இந்த ஆவேசத்தின் முன்னே தன் கை நடுங்குவதை எண்ணி வெட்கினான்.

"கத்திய குடும்மா. இருட்றதுக்குள்ள முடிச்சிட்டு வந்துர்றோம்."

"இருடா. ஒன் கை நடுங்கறத நான் பாக்கலன்னு நெனச்சியா? தங்கச்சின்ற நெனப்பு இன்னும் உள்ள கீது. மொதல்ல அத அறு. பங்காளிங்க முன்னாடி அவளுக்குக் கருமாதி பண்ணு. தலமுழுவிட்டு அப்பால கத்தியத் தொடு."

"இன்னா சித்தி, பேஜார் பண்ற? போய்ட்டு வந்து பண்ணிக்கலாம்ல?" என்றான் தமிழ்வாணன்.

"வந்து எங்கடா பண்ணுவ? போலீசு ஜீப்புலயா?"

தமிழ்வாணன் பைக்கை விட்டு இறங்கினான். கார்த்திக்குக்கும் தாயின் சொல் முற்றும் நியாயமாகவே பட்டது.

ஒரு மணி நேரத்தில் பெரியப்பா தாண்டவராயன் தலைமையில் தமிழ்வாணனோடு சேர்த்துப் பங்காளிகள் பதினேழு பேர் கூடினர். சாவு மேளத்துக்கும் காலனிக்கே ஆள் அனுப்பவேண்டும் என்பதால் மேளமில்லாமலே சாவு நடந்தது. வைக்கோலால் கட்டிய உருவத்துக்குச் சுதாவின் புடவையைச் சுற்றிப் படுக்கவைத்தார்கள். எங்கோ உயிரோடிருந்து உலை வைத்துக்கொண்டிருக்கும் மகளுக்காகத் தாயாரம்மாள் மார்பில் அறைந்து அறைந்து ஒப்பாரி வைத்தாள். தோல் கன்றிச் சிவந்தும் அவள் கை ஓயவில்லை.

கார்த்திக் தோளில் குடம் சுமந்து மூன்று சுற்று வந்தான். குடம் விழுந்து நொறுங்கியது. வைக்கோல் தலைக்குத் தீயிட்டான். புடவை சுருண்டு கருகியது.

"இத்தோட வுட்ராத மாமா!" தாயாரம்மாள் தலைவிரி கோலமாய்த் தாண்டவராயனிடம் பாய்ந்தாள். "எல்லார் கிட்டயும் சத்தியம் வாங்கு! நாளைக்கு எவனும் அவளுக்குப் பரிஞ்சிக்கினு வரக்கூடாது!"

பெரியவர் கற்பூரம் ஏற்றினார். "இன்னைலேந்து நம்ம வம்சத்துல சுதான்னு ஒருத்தி இல்ல. அவ உசுரோட கீறான்னு சொல்றவன் எவனா இருந்தாலும் நமக்குப் பங்காளி கெடயாது. நல்லதுக்கும் சரி, கெட்டதுக்கும் சரி, அவன் வாசப்படிய மிதிக்க மாட்டோம்."

பதினெட்டுக் கைகள் தீயை அறைந்து அணைத்தன. முதலில் அறைந்தவன் கார்த்திக். உள்ளங்கை பொசுங்கியபோது, அறுபட்டது உறவுதான் என்று அவன் உறுதியாக நம்பினான். நடுக்கம் நின்றுவிட்டது.

கிணற்றடியில் தலைமுழுகி, நீர் சொட்டச் சொட்ட வந்து கத்தியை எடுத்தான். பைக் உறுமியது. ஏறி உட்காரப் போகையில், ஈரப் புடவையோடு தாயாரம்மாள் முன்சக்கரத்தை மறித்து நின்றாள்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"தெரியாத மாரி கேக்கற? ஏனாத்தூருக்குத்தான். அவள வெட்டிப் போடத்தான்."

கலையவிருந்த பங்காளிகள் அப்படியே நின்றார்கள். தாண்டவராயனின் முகம் இறுகியது. தகப்பனின் பார்வையைச் சந்தித்த தமிழ்வாணன், சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான்.

"நவுரும்மா!" என்று கார்த்திக் கத்தினான்.

அவள் நகரவில்லை. எல்லார் காதிலும் விழும்படி, நிதானமாகக் கேட்டாள்:

"செத்தவள எப்பிட்றா வெட்டுவ?"