முதல் பதினோரு வரி

ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. சத்தம் போன திசையில் காலை நீட்டி அவர் அதை நிறுத்தினார்.

"கண்ணு தெரியுற நான் மேசைக்கு அடியில தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் ஜெபசிங்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வீட்டுக்கே வந்து கணினியைத் திறந்து போட்டிருந்தார். உள்ளே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் நான்கு நாளாக டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ நின்றுவிடும்.

நின்றால் வாசிப்பு நின்றுவிடும்.

பார்வை போன இந்த ஆறு வருடமாக அவருக்குக் கணினிதான் வாசிக்கிறது. திரையில் எழுத்து வந்தால் போதும், சொல்லிவிடும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஓர் ஆண் குரல்.

குரல்தான் அதனுடையது. சொல்லும் விதம் மனைவி பாக்கியத்தினுடையது.

தமிழில் ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு. எங்கே எது என்று நமக்குத் தெரியும். பாவம், அதற்குத் தெரியாது. பல்பு என்று எழுதியிருந்தால் பல் விளக்கப் போவது போலத் தொடங்கும். பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, இதை இப்படிச் சொல் என்று ஒரு பட்டியலில் எழுதிவைத்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்த கை.

தன் பெயரை மட்டும் அவள் திருத்தவில்லை. அது வரும்போதெல்லாம் இயந்திரம் பாக்கில் தொடங்கும்.

"பாக்கு இங்க இருக்கு. வெத்திலை எங்க?" என்று அவர் கேட்பார்.

அவர் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவளுடைய விரல் முட்டுகள் வீங்கிப்போய் மடங்குவதில்லை. தோசைக்கரண்டியைப் பிடிப்பதே பெரிய பாடு. இன்னொரு பட்டியல் எழுத முடியாது.

ஜெபசிங் காலையிலேயே சொல்லிப் பார்த்தார். "விண்டோஸைப் புதுசாவே போட்டுருவோம் சார். பறக்கும்."

"அது படிச்சதெல்லாம்?"

"எது சார்?"

"அவ சொல்லிக் கொடுத்தது."

"எங்க இருக்குன்னு தேடி எடுக்கணும். கிடைச்சா உண்டு."

"அப்படியே தூக்கி வையுங்க தம்பி. ஒண்ணையும் உதறாதீங்க."

பழையதையும் புதியதையும் தன் லேப்டாப்பில் மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே நகல் எடுக்க ஆரம்பித்தார் ஜெபசிங். நூற்றுக்கு எத்தனை ஆயிற்று என்று அவ்வப்போது சொன்னார்.

நாற்பது.

அறுபத்தைந்து.

பாக்கியம் நாற்காலியைக் கணவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தொண்ணூத்தொண்ணு" என்றார் ஜெபசிங். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

பழைய டிஸ்க் மூன்று தடவை தட்டியது.

பிறகு தட்டவில்லை.

தெருவில் குக்கர் ரிப்பேர்க்காரர் கூவிக்கொண்டு போனார். கணவரின் கை பாக்கியத்தின் நாற்காலிக் கைப்பிடியில் நகர்ந்தது. அங்கே அவள் கை ஏற்கெனவே இருந்தது. வீங்கிய முட்டுகளை அழுத்தாமல் பிடித்துக்கொண்டார்.

டக்.

"தொண்ணூத்திரண்டு."

புதியதைக் கணினிக்குள் பொருத்தி ஜெபசிங் சுவிட்சைப் போட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"ஓடுதா தம்பி?"

"ஓடுது சார். இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல."

ஜெபசிங் ஒரு சொல்லைத் தட்டினார்.

பல்பு, என்றது தகரக் குரல். விளக்கைத்தான் சொன்னது. பல்லை அல்ல.

பாக்கியம் மூச்சு விட்டாள்.

"பட்டியல் முழுசா வந்திருக்கான்னும் பாத்துருவோம்" என்றார் ஜெபசிங்.

"அதையெல்லாம் எதுக்குத் தம்பி தெறக்கணும்? பேசுதுல்ல, போதும்."

"ஒரு நிமிஷம்தாம்மா."

"காபி போடுதேன்" என்று அவள் எழுந்துவிட்டாள். இவ்வளவு வேகமாக அவள் எழுந்து பல நாள் ஆயிற்று.

ஜெபசிங் மெல்லச் சிரித்தார். "அறுநூத்தி நாப்பது வரி சார். ஒண்ணுகூடக் குறையல. ஆனா முதல் பதினோரு வரியும் ஒரே பேரு. பூபாலன்."

அவர் நிமிர்ந்தார்.

கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம். அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கணவர் பேர் என்னம்மா என்று கேட்டால் அட்டையை நீட்டிவிடுவாள்.

பூமியில் வரும் பூ. கண் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றே இயந்திரம் அதைச் சரியாகத்தான் சொன்னது. கடிதத்தில் அந்தப் பெயரைக் கேட்டபோது, வேறு யாருக்கோ வந்தது மாதிரி இல்லாமல், தனக்கே வந்த கடிதம் மாதிரி இருந்தது. அதற்குத் தானாகவே தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி போட்டுக் கேட்டுப் பாத்திருக்காக. பக்கத்துல குறிப்பு வேற எழுதியிருக்காக சார். வாசிக்கவா?"

அவர் தலையை அசைத்தாரா இல்லையா, ஜெபசிங்குக்குத் தெரியவில்லை. வாசித்தார்.

"இது இல்லை."

"இதுவும் இல்லை."

"மல்லிகைப்பூ மாதிரி கேக்குது."

"கிட்ட வந்துட்டு."

நடுவில் சிலவற்றைத் தாண்டி, பதினோராவது வரிக்குப் போனார்.

"இவுகதான்."

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது.

அடுப்பை அணைக்கும் சத்தம் வரவில்லை.