பதினாலு ரூபாய் மாத்திரை

"ஏம்மா, மாத்திரைக்குள்ள தங்கத்தையா அரைச்சு வச்சிருக்கான்?"

முதல் மெடிக்கல் பில்லைப் பார்த்துவிட்டு அப்பா அர்ச்சுனன் கேட்ட கேள்வி இது. பதினைந்து மாத்திரை, இருநூற்றுப் பத்து ரூபாய். பிரஷருக்கு ஆயுசு முழுக்க தினம் ஒன்று.

சத்யப்ரியாவுக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் வந்திருக்காது. யாராவது மணி கேட்டால்கூடக் கடிகாரத்தை நீட்டிக் காட்டுகிற ரகம் அவள். பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தை விட்டதே, வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னதால்தான். பேச வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதித் தையல் மிஷின் பெட்டிக்குள் ஒளித்து வைப்பாள்.

அடுத்த வாரம் மெடிக்கலில் நின்றபோது, கடைக்கார ஜமீல் வேறு யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது.

"மருந்து எல்லாம் ஒண்ணுதாண்ணே. பேருக்குத்தான் காசு. விளம்பரம், பை தூக்கினு வர்ற கம்பெனி ரெப்பு, டாக்டருக்குக் காட்டுற மரியாதை, எல்லாச் செலவும் இந்த அட்டை மேலதான் ஏறுது."

அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டாள். பத்தாவது இங்கிலீஷில் முப்பத்தேழு மார்க் வாங்கிய மேதை, படிக்க முடியாது, வரையத்தான் முடியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மலிவு மருந்துக் கடையில் நோட்டை நீட்டினாள். அதே மருந்து, பதினைந்து மாத்திரை, இருபத்திரண்டு ரூபாய்.

அப்பாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"மலிவு மாத்திரையா? டாக்டர் எழுதின பேரைத் தவிர வேற எதுவும் என் வாய்க்குள்ள போவாது. சொல்லிட்டேன்."

"நம்ம மரக்காணத்து உப்பளத்துல நீ வாருற உப்பையே பாருப்பா. மூட்டையில போனா கிலோ மூணு ரூபா. அதையே கவர்ல போட்டு ஒரு பொம்பள படத்தைப் போட்டா இருவத்தஞ்சு..."

"உப்பு வேற, உசுரு வேற. வேலையைப் பாரு, போ."

அவள் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சு அது. அதுவும் தோற்றது.

அதனால் பேசாமல் காரியத்தில் இறங்கினாள். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற காசில் இனி மாத்திரையை நானே வாங்குகிறேன் என்றாள். மலிவு அட்டையைப் பேர் தெரியாதபடி ஒவ்வொன்றாகக் கத்தரித்து, விலை மாத்திரையின் பழைய பெட்டிக்குள் போட்டாள். விடியலில் அப்பா உப்பளத்துக்குக் கிளம்பும்போது ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைப்பாள்.

"கஞ்சி குடிச்சதும் மறக்காம போட்டுக்கப்பா. பதினாலு ரூபா மாத்திரை, கீழ கீழ போட்டுடாத."

"பதினாலு ரூபா..." என்று அப்பா தினமும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மிச்சக் காசில் அவள் புது நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் 'கம்பெனியை ஏமாற்றிய மரக்காணத்துப் பெண்' என்று தலைப்பு எழுதினாள். பேட்டி எடுக்க யாராவது வந்தால் உதவும் என்று கையெழுத்தை நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தாள். பேட்டி என்றால் பேச வேண்டுமே என்பது மறுநாள்தான் உறைத்தது.

மூன்று மாதம் கழித்து அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் பிரஷர் பார்க்கும் கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே முறைத்தார்.

"நூத்தி எழுவது இருந்தது நூத்தி எம்பது ஆயிருக்கு. மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

"கரெக்டா போடறேன் சார். என் பொண்ணுதான் எடுத்துக் குடுக்குது."

"இப்படியே போனா ஒரு நாள் கை, கால் இழுத்துக்கும். பாத்துக்கம்மா."

சத்யப்ரியாவுக்கு அப்போதே கையும் காலும் இழுத்துக்கொண்டன. மலிவு மாத்திரை வேலை செய்யவில்லை. இல்லையென்றால் முப்பத்தேழு மார்க் இங்கிலீஷ் எழுத்தைத் தப்பாக வரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நோட்டில் தலைப்பை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்: 'அப்பாவைக் கொன்ற மரக்காணத்துப் பெண்.'

மறுநாள் சாயங்காலம் கையிலிருந்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு ஜமீல் கடைக்கு ஓடினாள். முதலில் ஒரிஜினல் மாத்திரையை வாங்குவது, பிறகு அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

கடை வாசலில் அப்பாவின் முதுகு தெரிந்தது. அவர் கையில் ஒரு பழைய உப்புப் பாக்கெட், பொம்பளை படம் போட்டது. அதை அப்படியே கவிழ்த்தார். கத்தரித்த மாத்திரைகள் கண்ணாடி மேல் சலசலவென்று கொட்டின.

"எண்ணிக்கோ பாய், தொண்ணூறு இருக்குது. ஒண்ணு கூடப் பிரிக்கல. திருப்பி எடுத்துக்கினு காசைக் குடு. பொண்ணு குனிஞ்ச தலை நிமிராம ஊசி குத்தி சம்பாரிக்குது, தினம் பதினாலு ரூபாயை முழுங்க மனசு வரல."

ஜமீல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"அண்ணே, இது நம்ம கடைச் சரக்கே இல்ல. மலிவுக் கடையில வாங்கினது. மருந்து அதே மருந்துதான், ஆனா ஒண்ணு ஒன்னரை ரூபாதான்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். பின்னால் சத்யப்ரியா காசும் கையுமாக நின்றிருந்தாள். ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, கடிகாரத்தை நீட்டுவது போலக் காசை நீட்டினாள்.

 அவர் ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டு விழுங்கினார். மீதி எண்பத்தொன்பதையும் உப்புப் பாக்கெட்டில் அள்ளிப் போட்டு மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.