குட்டை நாற்காலி

அன்று மழை பெய்ததா என்பதுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் குட்டை நாற்காலி மட்டும் நினைவிருக்கிறது.

புரூக்ளினில் எங்கள் பழைய கட்டடத்தில் வீடு பெற விரும்புகிறவரை, குடியிருப்போர் குழு அதில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே மறுக்கும்.

"வயசு அறுபது, கல்யாணம் ஆகலை. இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்றார் குழுத் தலைவி அடிலெய்ட் கெஸ்லர்.

"அம்மா வீட்டுல."

"அடேயப்பா! பியானோ உண்டா?"

"இருக்கு. வாசிக்கத் தெரியாது."

"பின்னே எதுக்கு, துணி காயப்போடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

"அடிலெய்ட், எனக்குப் போக வேற இடமில்லை."

"மேடம்னு கூப்பிடணும். விதி தெரியாதா?"

தெரியாமல் என்ன? இருபது வருடம் எங்கள் தலைவராக இருந்து விதிகளை எழுதியவரே இந்த ஹார்லன் பிரெஸ்காட்தான். வாரிசும் குழுவின் முன் வர வேண்டும், குழு மறுத்தால் வீட்டை விற்றுவிட வேண்டும் என்றது அவர். நாற்காலியின் கால்களை அறுக்கச் சொன்னதும் அவர். இதே கட்டடத்தில் அவர் பிறந்து வளர்ந்த வீடு அம்மா பெயரில் இருந்தது. அம்மா அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார்.

மறுத்தோம். ஹார்லன் நியூ ஜெர்சியில் வாடகைக்கு இருக்கிறார். அவர் விற்க நேர்ந்த வீட்டை, சத்தம் வரும் என்று அவரே முன்பு விரட்டிய பியானோ ஆசிரியை வாங்கினார். கெஸ்லர் இன்னும் தலைவி. நான் இன்னும் குறிப்பெடுக்கிறேன். நாற்காலியின் உயரத்தை யாரும் மாற்றவில்லை.