எதிர்வீட்டுத் தூக்குவாளி

புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளுக்கு வல்லரசுகள் இனாமாய்க் கொடுத்த அணைகளையும் ஆலோசகர்களையும் ஆராய்வதிலேயே பேராசிரியர் சந்திரமதியின் ஆயுள் கழிந்தது. எதையும் வாங்கிக்கொண்டால் பிறகு தலையாட்டத்தான் வேண்டும் என்று எழுதி எழுதியே, போன நாடுகளில் ஒரு வாய்த் தேநீர்கூட அவர் வாங்கிக் குடித்ததில்லை. தோளில் சொந்த ஃபிளாஸ்க் தொங்கும். ஓய்வுபெற்ற பிறகும் அதே கறார்தான். அக்கம்பக்கத்தார் பலகாரத் தட்டோடு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பர்வீனுக்கு இதெல்லாம் தெரியாது. நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியோடு அவர் கையில் திணித்து, "சூடா இருக்கு மேடம், உடனே குடிச்சிருங்க" என்று ஓடிவிட்டாள்.

குடித்தார். வாளியைக் கழுவித் துடைத்தார். வெறுமனே திருப்பித் தரக் கூடாதே என்று போடுவதற்குச் சர்க்கரையை அள்ளியவர், இதோடு கணக்குத் தீர்ந்துவிடுமே என்று கையை நிறுத்தினார். பிறகு சர்க்கரையை டப்பாவிலேயே கொட்டி மூடினார்.

மூன்றாம் நாள் மணி அடித்தது. "மேடம், அந்தத் தூக்குவாளி..."

சமையல் மேடையில் காய்ந்து கவிழ்ந்திருந்த வாளி தெரியாதபடி அவர் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் காலியாகலம்மா. நாளைக்கு வாயேன்."