இடையில் நிற்கும் இயந்திரம்

எஞ்சின் நிற்கவே இல்லை.

கொழும்பில், ஒருகொடவத்தை யார்டில், கொண்டெய்னர்களுக்கு நடுவே, மெக்கானிக் முர்ஷித் அந்த உழவு இயந்திரத்தை அங்கும் இங்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் சுழல் கலப்பை தரையில் படாமல் சுற்றியது. இயந்திரம் குழியில் விழுந்தது, எழும்பியது. ஒரு செருமல்கூட இல்லை.

"பார்த்தியா நாகேஸ்?" என்றார் தில்லைநாதன்.

தங்கச்சி நாகேஸ்வரி லொறியின் நிழலில் நின்றாள்.

யாரோ பாவித்த பழைய இயந்திரம்தான். தில்லைநாதனே இதே யார்டில் பார்த்து வாங்கி வடக்கே பரந்தனுக்கு அனுப்பியது. வயல் தகப்பன் இருவருக்கும் விட்டுப்போனது. தில்லைநாதன் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்க, புருஷன் இறந்த பிறகும் நாகேஸ்வரி தனியாக உழுது விதைத்தாள். ஊரில் இயந்திரம் ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்தச் சிறுபோக உழவில்தான் கரைச்சல் தொடங்கியது. உழுதுகொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். திரும்பப் போட்டால் உடனே பிடிக்கும். நாலு சால் போகும், மறுபடி நிற்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் தில்லைநாதன் போனில் விசாரித்தார். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, பில்டர் மாற்றினாயா, பற்றரி வயர் இறுக்கமா. எல்லாம் பார்த்தாயிற்று என்பாள். குரலில் களைப்பு இருக்கும். சோம்பல் என்று அவர் நினைத்தார்.

கடைசியில் சொல்லிவிட்டார். மெசினில் பிழை என்றால் திருத்துவோம். மெசின் நல்லதென்றால் பிழை உன்னில்தான். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவோம்.

அவள் இயந்திரத்தை லொறியில் ஏற்றி, தானும் முன்னால் ஏறி வந்துவிட்டாள். காலையில் யார்டு வாசலில் அவளைக் கண்டபோது, வெயிலில் காய்ந்துபோனாள் என்று நினைத்துக்கொண்டு நேரே இயந்திரத்திடம் போனார்.

முர்ஷித் டீசல் தாங்கியைக் கழற்றிக் கழுவினான். மூடியின் காற்றுத் துவாரத்தை ஊதிப் பார்த்தான். குழாய், பில்டர், வயர் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஓட்டினான். நிற்கவில்லை.

தில்லைநாதன் தானும் ஏறினார். வெள்ளவத்தைச் சாப்பாட்டில் ஊறிய உடம்பு, ஆசனம் முனகியது. யார்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினார்.

"மெசின்லை ஒண்டுமில்லை. குத்தகைக்கே குடுப்பம்."

முர்ஷித் கையைத் துடைத்தபடி, "அக்கா ஒருக்கா ஓட்டுங்களே" என்றான்.

நாகேஸ்வரி சேலைக்கு மேல் போட்டிருந்த புருஷனின் நீளக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். ஏறுமுன் ஒரு கணம் பின் சில்லின் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கியரைப் போட்டு, கலப்பையைச் சுழலவிட்டு, நேராக ஓட்டினாள். நல்ல கை.

முதல் குழியில் எஞ்சின் நின்றது.

தில்லைநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்கு நிற்காதது, இந்தப் பொடியனுக்கு நிற்காதது, உனக்கு மட்டும் ஏன் நிற்கிறது என்று சத்தம் போட்டார். உழ மனமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்றார். கொண்டெய்னர் இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முர்ஷித் ஏறி சில்லு மூடியில் உட்கார்ந்து, அவளுக்குப் பக்கத்தில் ஆசனத்தின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். போகச் சொன்னான். அதே குழி. நிற்கவில்லை. கையை எடுத்துவிட்டு இன்னொரு முறை போகச் சொன்னான்.

நின்றது.

"சேர், சீட்டுக்குக் கீழ ஒரு சுவிட்ச் இரிக்கி" என்றான் முர்ஷித். "கலப்பை சுத்தக்குள்ள ஓட்டுற ஆள் விழுந்திட்டா எஞ்சின் நிக்கணும், அதுக்குத்தான். இந்த ஸ்பிரிங் பாரமான ஆக்களுக்குப் போட்டது. குழியில துள்ளினா, அக்கா இருக்கக்குள்ளயும் ஆள் இல்லண்டு நினைக்குது."

"போன போகம் இவள்தானே ஓட்டினவள்? அப்ப நிக்கேல்லையே!"

கேட்டு முடித்த பிறகுதான், கேட்டது என்ன என்று தில்லைநாதனுக்கு விளங்கியது. சட்டைக் கையிலிருந்து நீண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்த மெலிந்த கைகளை அவர் இப்போதுதான் பார்த்தார்.

சுவிட்சை எடுத்துவிடலாமா என்று நாகேஸ்வரி கேட்டாள். முர்ஷித் மறுத்தான்; கலப்பையில் அகப்பட்ட ஒருவனை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று மாற்றிப் போடலாம், ஆனால் ஆளின் நிறை தெரிய வேண்டும் என்றான்.

"அறுபது கிலோ இருக்கும்" என்றார் தில்லைநாதன்.

முர்ஷித் அவளைப் பார்த்தான்.

"முப்பத்தெட்டு" என்றாள் அவள். "போன கிழமை கிளினிக்கிலை நிறுத்துப் பாத்தது."

முர்ஷித் ஸ்பிரிங் தேட இறங்கினான். நாகேஸ்வரி குனிந்து, அண்ணனுக்குக் கேட்கக் கூடாதென்பதுபோல, மெல்லச் சொன்னாள்.

"அதுக்கும் குறைஞ்ச நிறைக்கு வச்சுப் போடுங்கோ, தம்பி. வாற பெரும்போக உழவு முடியுமட்டும் நிக்காமல் ஓட வேணும்."