அம்புரோஸ் மாமாவின் பல் செட்டு

டானிஸ் மேடையேறியபோது கூடத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே அழுது முடித்திருந்தார்கள்.

செப்டம்பர் கடைசி நாள். கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் க்ரீ ஜனத்தின் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடித்துப்போய் அடைத்து வைத்த உறைவிடப் பள்ளிகளை நினைக்கும் நாள். அந்தப் பிள்ளைகளின் நினைவாக ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. எங்கள் ஆட்களும் வெள்ளைக்காரர்களும் மடக்கு நாற்காலிகளில் கலந்து உட்கார்ந்திருந்தோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் எழுதிய கவிதையையோ கதையையோ வாசித்தார்கள். கழுகு வந்தது. மேளம் வந்தது. மறுபடியும் கழுகு வந்தது. மருந்துக்கடைக்காரர் மகன் எழுதியதில் கழுகே அழுதது.

குறை சொல்லவில்லை. மனசோடுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் கூடத்தில் இருமக்கூட ஆட்கள் யோசித்தார்கள்.

அப்புறம் என் மகள் டானிஸ்.

அவள் எழுதியது என் அண்ணன் அம்புரோஸின் பல் செட்டைப் பற்றி.

ஃப்ரீசன் டீச்சர் முந்தின வாரமே எனக்கு ஃபோன் செய்திருந்தார். நல்ல மனுஷி. எங்கள் கதைகள் வகுப்புக்குள் வர வேண்டும் என்று இந்த நிகழ்ச்சியைத் தொடங்கியதே அவர்தான். கவிதை பிரமாதம், ஆனால் இந்த நாளுக்கு அது பொருந்துமா, உங்கள் பெரியவர்களே மனசு வருத்தப்பட்டால் என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

டானிஸிடம் சொல்லிப் பார்த்தேன். இதை வாசிக்கக் கூடாதென்றால் மேடையே ஏற மாட்டேன் என்றுவிட்டாள். பதின்மூன்று வயது. அதற்கு மேல் யார் பேசுவது?

மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

அப்போது பின்னால் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்புரோஸ் அண்ணன்.

அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. ஊர் நடுவில் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

டானிஸ் வாசித்தாள்.

படகில் மாமா தும்மினார்.
பல் செட்டு பறந்தது ஏரிக்கு.
வலையைப் போட்டுத் தேடினோம்.
ஏரியிடம் மரியாதையாகக் கேட்டும் பார்த்தோம்.
அடுத்த வாரம் சிக்கியது ஒரு பெரிய ஏரி மீன்.
வாய் நிறைய அதன் பல்,
அதற்கு மேலே மாமாவின் பல்.
படகில் போட்டதும் எங்களைப் பார்த்து
மாமா மாதிரியே சிரித்தது.

யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் பக்கத்து முகத்தைப் பார்த்தார்கள். மேயர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஆழமான அர்த்தம் பிடிபட்டவர்போல் தலையை ஆட்டினார். முன்வரிசையில் எங்கள் ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அழுவதாக நினைத்து, பின்னாலிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையை நீட்டினாள்.

டானிஸ் நிறுத்தினாள். காது சிவந்துவிட்டது. கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுத்துக் கதவைப் பார்த்தாள்.

அங்கேயிருந்து குரல் வந்தது.

“முழுசும் பொய். மேல்செட்டு மட்டுந்தான் விழுந்துது. அந்த மீனும் இத்துனூண்டு.”

முதலில் எங்கள் வரிசை வெடித்தது. பிறகு கூடமே வெடித்தது. மேயர் கண்ணைத் திறந்தார். மருந்துக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த என் சித்தப்பா மேலேயே சாய்ந்தார்.

டானிஸ் மீதியை வாசித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அண்ணன் ஒரு மறுப்புச் சொன்னார். மறுப்புச் சொல்லச் சொல்ல, தன்னை அறியாமலே கதவை விட்டு விலகி முன்னால் வந்துகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து தேநீரும் எங்கள் பானக் ரொட்டியும் கொடுத்தார்கள். ஃப்ரீசன் டீச்சர் எங்களிடம் வந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண் மை கலைந்திருந்தது. தான்தான் வீணாகப் பயந்துவிட்டதாகச் சொல்லி டானிஸைக் கட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தப் பள்ளிகளில் ஒன்றில் உன் மாமாவும் இருந்தாராமே, அதை எழுத உனக்குத் தோன்றவில்லையா என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

டானிஸ் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள்.

“அத எழுதியிருந்தா மாமா உள்ளயே வந்திருக்க மாட்டாரு, மிஸ். பல் கதையத்தான் வாசிக்கப்போறேன், வேணும்னா வந்து தடுத்துக்கோங்கன்னு காலையில அவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணனை ஆறு வயதில் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வெளியே வந்த பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. நான் பள்ளி முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று வெளியே தன் வண்டியில், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். தன் சொந்தப் பிள்ளைகள் பள்ளி முடித்தபோதும் அப்படித்தான்.

அதை டீச்சரிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கூடத்தின் நடுவில், சுற்றிலும் பிள்ளைகள் மொய்க்க, பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அண்ணன் இன்னொரு தேநீர் கேட்டுக்கொண்டிருந்தார்.