நாலாம் பக்கத்து வசவு

"அண்ணி, அந்த ஆள் வந்திருக்கான்."

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் துக்கத்துக்கான சணல் துணி உடுத்தி உட்கார்ந்திருந்த கியோக் நியோ தலையைத் தூக்கினாள்.

"யாரு?"

"சுவான் பீ."

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பினார்கள். வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தார் சிம் சுவான் பீ. கையில் கொளுத்தாத ஊதுபத்தி.

வர எப்படித்தான் மனசு வந்ததோ!

கியோக்கின் கணவர் கோ பெங் ஹியாப், ஜாவாத் தீவின் செமாராங் ஊரில் பேப்பர் நடத்தியவர். கரும்பு ஆலையில் ஜாவாக் கூலிகளைப் பிரம்பால் அடிக்கிறார்கள் என்று எழுதினார். டச்சு சர்க்கார் பேப்பரை மூடியது. அவருக்கு ஒன்றரை வருடம் சிறை. பதினோராம் மாதம் நுரையீரல் கெட்டு, சிறை ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

அந்தப் பதினோரு மாதமும், வாரம் தவறாமல், பீ தன்னுடைய பேப்பரின் நாலாம் பக்கத்தில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். 'இந்த அதிகப்பிரசங்கியின் பழைய உளறலைப் பாருங்கள்' என்று ஆரம்பிக்கும். பெங் ஹியாப் எழுதியதையே அரைப் பக்கத்துக்கு எடுத்துப் போட்டு, கடைசியில் நாலு வரி வசவு. உள்ளே கிடக்கிற மனுஷனை!

வெள்ளைக்காரத் துரைகள் பீயின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். சீனத் தெரு காறித் துப்பியது. துப்பிய கையோடு, நாலாம் பக்கத்தை ஒளித்துவைத்துப் படிக்கவும் செய்தது.

"அண்ணி..." என்றார் பீ.

"யாருக்கு யாரு அண்ணி? என் கையால எத்தனை தடவை சாப்பிட்டிருப்பே! அந்த வாயாலதானே அவரைக் குரைக்கிற நாய்னு சொன்னே?"

பீ தலை குனிந்துகொண்டார்.

"அவர் அங்க ரத்தமா இருமிக்கிட்டிருந்தப்போ என்ன எழுதினே? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!"

"ஒரே ஒரு பத்தி ஏத்திட்டுப் போயிடறேன் அண்ணி."

"உன் பத்திப் புகை பட்டா அவர் பெட்டிக்குள்ளயே திரும்பிப் படுத்துக்குவார்!"

எழுந்து போய் அவர் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கினாள். இரண்டாக ஒடித்துத் தெருவில் வீசினாள்.

"போய்யா, போய் உன் எஜமானுக்குக் கால் பிடி!" என்றான் கொழுந்தன் பெங் லியாங்.

பீ தெருவில் இறங்கி, வெயிலில் நின்றபடியே சவப்பெட்டியைப் பார்த்து மூன்று முறை குனிந்தார். போய்விட்டார்.

"சரியாக் குடுத்தீங்க அண்ணி" என்றான் பெங் லியாங். கியோக்குக்கும் அன்று அந்த ஒன்றில்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம், பின்வாசலில் ஒரு ஜாவாக்காரர் வந்து நின்றார். ஒட்டின கன்னம், பழைய சட்டை.

"நோன்யா, நான் வோங்சோ. ஜெயில்ல உங்க வீட்டுக்கார துவான் இருந்த பக்கம் காவல் பார்த்தவன். இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மடித்த நாலு தாள். பிரித்தாள். பெங் ஹியாப்பின் சாய்ந்த கையெழுத்து.

"எனக்கா எழுதினார்?"

"இல்ல நோன்யா. வாரா வாரம் எழுதுவார். நான் சட்டைக்குள்ள வெச்சு வெளிய கொண்டாருவேன். என் தம்பி அந்தக் கரும்பு ஆலையிலதான் இருக்கான். இவர் எழுதி எழுதி விசாரணை வந்துச்சு. இப்ப அங்க யாரும் பிரம்பைத் தொடறதில்ல."

"எழுதினாரா? அவர் பேப்பரைத்தான் மூடிட்டாங்களே. இதையெல்லாம் யாரு போட்டா?"

வோங்சோ அவளை வியப்பாகப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? பீ துவான்தான். பழசுன்னு சொல்லிப் போடுவார். எல்லாம் உள்ள இருந்து புதுசா எழுதினது. துவானைப் புகழ்ந்து போட்டா பேப்பரை மூடிடுவான். திட்டறதுக்குன்னு எடுத்துப் போட்டா வெள்ளைக்காரனே கை தட்டுவானே!"

கியோக் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"இது கடைசியா எழுதினது. இன்னிக்குக் காலையில அவர்கிட்ட கொண்டுபோனேன். பீ துவான் பிரிச்சுக்கூடப் பார்க்கல. 'செத்தவனைத் திட்டி என்னால போட முடியாது, அண்ணிகிட்டயே குடுத்துடு'ன்னார்."

அவள் தாள்களைப் புரட்டினாள். மூன்று தாளில் கட்டுரை. நாலாவது தாளில், அதே சாய்ந்த எழுத்தில், 'இந்த அதிகப்பிரசங்கி, இந்தக் குரைக்கிற நாய்...'

"திட்டு... இதையுமா அவரே எழுதினார்?"

"எல்லாத் திட்டும் துவான் எழுதினதுதான். முதல் வாரம் பீ துவானை எழுதச் சொல்லிப் பார்த்தார். 'கை வரலை'ன்னு வெறும் தாளைத் திருப்பி அனுப்பிட்டார் அவர்."

வசவுக்கும் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'பீ, மறுபடியும் சொல்கிறேன், கியோக்கிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதே. அவள் உன்னை மனசாரத் திட்டினால்தான் வெள்ளைக்காரன் நம்புவான். பொறுத்துக்கொள், நான் வெளியே வந்ததும் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.'